ஹோஸ்டிங் கம்பெனி புது டேட்டாசென்டருக்கு மாறுறாங்களா? உங்க சர்வருக்கு நீங்க செய்ய வேண்டிய வேலைகள்

உங்க ஹோஸ்டிங் கம்பெனிகிட்டேந்து ஒரு மெயில் வந்திருக்கும், நாங்க புது டேட்டாசென்டருக்கு மாறப்போறோம், இந்தத் தேதில இத்தனை மணி நேரம் உங்க சர்வர் டவுனா இருக்கும்னு. முதல் தடவை இப்படி ஒரு மெயிலைப் பாத்தா சில பேர் பயந்துபோய் அன்னிக்கே வேற கம்பெனி தேட ஆரம்பிச்சிடுவாங்க, நிறைய பேர் அவங்களே எல்லாம் பாத்துப்பாங்கன்னு மெயிலை மூடிட்டு மறந்துடுவாங்க. மெஷினைக் கழட்டி, வண்டில ஏத்தி, புது ரேக்ல மாட்டி, கரண்டும் நெட்வொர்க்கும் குடுக்குறது அவங்க வேலைதான். ஆனா உங்க பழைய ஐபி (நெட்ல உங்க சர்வரோட அட்ரஸ் நம்பர்) எங்கெங்கே எழுதி வெச்சிருக்கு, உங்க சர்வர் ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆனா எதெல்லாம் தானா எந்திரிக்கும் எதெல்லாம் எந்திரிக்காதுங்கிறது அவங்களுக்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், இடம் மாறுறப்போ வர்ற தலைவலில பாதிக்கு மேல அங்கேந்துதான் கிளம்பும். அதனால இந்தக் கட்டுரை முழுக்க உங்க பக்கத்து வேலை பத்தித்தான். விபிஎஸ் (பெரிய மெஷின்ல உங்களுக்குப் பிரிச்சுக் குடுத்த ஒரு பங்கு) வெச்சிருந்தாலும் சரி, டெடிகேட்டட் சர்வர் (முழு மெஷினும் உங்களுக்கே) வெச்சிருந்தாலும் சரி, வரிசையா செஞ்சிட்டு வாங்க.

முதல் ஸ்டெப்: எந்த மாதிரி மாத்தல்னு கண்டுபிடிங்க

மெயிலை நிதானமா ரெண்டு தடவை படிங்க. பொதுவா மூணு விதம்தான். ஒண்ணு, அதே மெஷின் அதே ஐபியோட போகுது. ரெண்டாவது, அதே மெஷின் போகுது ஆனா ஐபி மாறுது. மூணாவது, புது டேட்டாசென்டர்ல உங்களுக்குப் புது சர்வர் குடுத்துடுவாங்க, கொஞ்ச நாள் பழசும் புதுசும் ரெண்டுமே ஓடும், அதுக்குள்ள நீங்களே எல்லாத்தையும் மாத்திக்கணும். இதுல மூணாவதுதான் வேலை அதிகம், ஆனா பாதுகாப்பானதும் அதுதான், ஏன்னா ஏதாவது சரியில்லைன்னா பழைய சர்வர் இன்னும் உயிரோட இருக்கும்.

ஏன் சில கம்பெனி அதே ஐபியைக் கொண்டுபோக முடியுது, சில கம்பெனியால முடியலன்னு கேக்கலாம். ஐபி அவங்க சொந்தமா வாங்கி வெச்ச பிளாக்கா இருந்தா பிஜிபி வழியா (எந்த ஐபி எங்க இருக்குன்னு நெட்வொர்க்குங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிற முறை) புது இடத்துலேந்து அனவுன்ஸ் பண்ணிக்கலாம், பழைய டேட்டாசென்டர்காரங்க குடுத்த ஐபின்னா அது அங்கேயே தங்கிடும். சொந்த பிளாக்கா இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கு, ஐபிவி4-ல ஸ்லாஷ் 24-க்குச் சின்னதா, அதாவது 256 அட்ரஸுக்குக் குறைவா அனவுன்ஸ் பண்ணா பெரும்பாலான நெட்வொர்க் அதை ஏத்துக்காது. அதனால ஒரு பிளாக்ல இருக்குற பாதிப் பேரை இன்னிக்கு மாத்தி மீதிப் பேரை அடுத்த வாரம் மாத்துறது அவ்வளவு சுலபம் இல்ல. கம்பெனி உங்க தேதியைத் தள்ளிப்போட முடியாதுன்னு சொன்னா காரணம் இதுவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

அடுத்து டிக்கெட் போட்டு கேளுங்க. ஐபி மாறுதா, மாறினா புது ஐபி, கேட்வே, நெட்மாஸ்க் எப்ப தருவீங்க, ஐபிவி6-ம் மாறுதா, ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியைக் குடுத்தா பேரைச் சொல்ற ரெக்கார்ட்) நீங்க வெப்பீங்களா நான் பேனல்ல வெக்கணுமா, நெட்வொர்க் வரலைன்னா உள்ள போறதுக்கு கன்சோல் இருக்கா (விஎன்சி, ஐபிஎம்ஐ, கேவிஎம் ஏதோ ஒண்ணு). உங்ககிட்ட ரெண்டு மூணு சர்வர் இருந்தா இன்னொரு கேள்வியும் கண்டிப்பா கேக்கணும், எல்லாம் ஒரே பேட்ச்ல போகுமா? டேட்டாபேஸ் சர்வர் பழைய இடத்துலயும் வெப் சர்வர் புது இடத்துலயும் ஒரு வாரம் இருந்தா என்ன ஆகும்னு பாருங்க, ஃபைபர்ல 100 கிலோமீட்டருக்குப் போய்வர சுமார் 1 மில்லிசெகண்ட் ஆகும், 1000 கிலோமீட்டர்னா 10 மில்லிசெகண்ட், ஒரு பேஜுக்கு 50 குவெரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா போச்சுன்னா அரை செகண்ட் சும்மா காத்திருக்குறதுலயே போயிடும். அது போக, ரெண்டு சர்வரும் பிரைவேட் நெட்வொர்க் வழியா பேசிட்டு இருந்தா அது மொத்தமா நின்னுடும்.

மெயில்ல குடுத்த நேரம் யூடிசி-யா (உலகப் பொது நேரம்) அவங்க ஊர் நேரமான்னும் பாத்துக்கோங்க, உங்க நேரத்துக்கு மாத்தி காலண்டர்ல போட்டுடுங்க.

பேக்கப், அதுவும் வேற இடத்துல

பேக்கப் எடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் இங்க அழுத்திச் சொல்ல வர்றது அது எங்க இருக்குங்கிறதை. அதே கம்பெனியோட பேக்கப் ஸ்டோரேஜ்ல வெச்சிருந்தா அந்த ஸ்டோரேஜும் அதே வண்டில ஏறிப் போகலாம். 2021 மார்ச் 10-ம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் கம்பெனியோட எஸ்பிஜி2 டேட்டாசென்டர் தீப்பிடிச்சு முழுசா எரிஞ்சுபோச்சு, பேக்கப்பும் அதே வளாகத்துலயே இருந்த வாடிக்கையாளர்கள் சில பேருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்ல. அதனால ஒரு காப்பி வேற கம்பெனிலயோ உங்க கைல இருக்குற டிஸ்க்லயோ இருக்கணும். எடுத்த பேக்கப்பை வேற ஒரு மெஷின்ல விரிச்சுப் பாருங்க, டேட்டாபேஸ் டம்ப் உண்மையிலேயே இம்போர்ட் ஆகுதா, கடைசி நாள் டேட்டா அதுல இருக்கான்னு.

சுத்துற ஹார்டு டிஸ்க் உள்ள டெடிகேட்டட் சர்வர்னா இதை இன்னும் சீரியஸா எடுத்துக்கோங்க. வருஷக்கணக்கா நிக்காம சூட்டோட ஓடின டிஸ்க்கை நிறுத்தி, ஆறவிட்டு, வண்டில குலுக்கி எடுத்துட்டுப் போய் திரும்ப ஆன் பண்ணும்போதுதான் அது செத்துப்போறது அதிகம். ரெய்டுல (ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்ல சேத்து வெக்கிற மாதிரி அமைப்பு) ஏற்கெனவே ஒரு டிஸ்க் போய் இன்னொண்ணுல மட்டும் ஓடிட்டு இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்ற ரிப்போர்ட்) எரர் ஏறிட்டு இருந்தா மாத்தலுக்கு முன்னாடியே டிஸ்க்கை மாத்தச் சொல்லி டிக்கெட் போடுங்க.

ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாருங்க

இந்த ஸ்டெப்பைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க, என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். உங்க சர்வர் அப்டைம் எத்தனை நாள்னு பாருங்க, முன்னூறு நானூறு நாள்னு காட்டுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, அத்தனை நாளா நீங்க செஞ்ச எந்த மாற்றமும் ரீபூட்டைத் தாண்டுமான்னு யாருமே செக் பண்ணலன்னு அர்த்தம். மாத்தல் அன்னிக்கு எப்படியும் அது ஆஃப் ஆகி ஆன் ஆகப்போகுது. அப்ப வரலைன்னா அது புது நெட்வொர்க் பிரச்சனையா, வண்டில குலுங்கினதால வந்த ஹார்டுவேர் பிரச்சனையா, இல்ல உங்க கான்ஃபிக் பிரச்சனையான்னு பிரிச்சே பாக்க முடியாது, அதுவும் அன்னிக்கு நூத்துக்கணக்கான பேர் டிக்கெட் போட்டுட்டு இருப்பாங்க. ரெண்டு வாரம் முன்னாடி, ஆள் குறைவா இருக்குற ஒரு நேரத்துல நீங்களே ரீபூட் பண்ணா, ஏதாவது போச்சுன்னா காரணம் ஒண்ணே ஒண்ணுதான்னு தெரிஞ்சுடும், சப்போர்ட்காரங்களும் ஃப்ரீயா இருப்பாங்க.

ரீபூட்ல மாட்டுறது பெரும்பாலும் இதுதான். கையால ஸ்டார்ட் பண்ணி ஸ்க்ரீன்லயோ டீமக்ஸ்லயோ (நீங்க லாக் அவுட் ஆனாலும் புரோகிராமை ஓடவிடுற டூல்) விட்டு வெச்ச புரோகிராம் திரும்ப வராது, அதை சிஸ்டம்டி சர்வீஸா (பூட் ஆகும்போது தானா ஸ்டார்ட் ஆகுற மாதிரி) மாத்தி எனேபிள் பண்ணி வெக்கணும். டாக்கர் கன்டெய்னர்ல ரீஸ்டார்ட் பாலிசி போடலைன்னா அதுவும் எந்திரிக்காது. கையால மவுண்ட் பண்ண டிஸ்க் எஃப்எஸ்டேப்ல (பூட்ல எந்த டிஸ்க்கை மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) இல்லாம இருக்கும், இல்லன்னா எஸ்டிபி எஸ்டிசி மாதிரி பேர்ல இருக்கும், கேபிள் மாத்தி மாட்டினா அந்தப் பேர் இடம் மாறிடும், அதனால மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டு எழுதுங்க. ஃபயர்வால் ரூல் மெமரில மட்டும் இருந்து சேவ் ஆகாம இருந்தா, ரீபூட்டுக்கு அப்புறம் உங்க டேட்டாபேஸ் போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கும். டிஸ்க் என்கிரிப்ட் பண்ணியிருந்தா பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்டு நிக்கும், அதுக்குத்தான் கன்சோல் வேணும், ரீபூட்டுக்கு முன்னாடியே கன்சோலுக்குள்ள ஒரு தடவை லாகின் பண்ணிப் பாத்துடுங்க, ரூட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னும். எஸ்எஸ்ஹெச் கீ வெச்சே வருஷக்கணக்கா போய்ட்டு இருக்குறவங்களுக்குப் பாஸ்வேர்டு சுத்தமா மறந்துபோயிருக்கும்.

பழைய ஐபியைத் தேடுங்க (ஐபி மாறுறவங்களுக்கு)

ஐபி மாறாதவங்க இதைத் தாண்டிப் போயிடலாம். மாறுறவங்க, ஒரு ஷீட் திறந்துக்கோங்க. முதல்ல சர்வருக்குள்ள, கான்ஃபிக் ஃபைல் இருக்குற இடிசி ஃபோல்டர் முழுக்க கிரெப் (ஃபைல்களுக்குள்ள தேடுற கமாண்ட்) வெச்சு பழைய ஐபியைத் தேடுங்க. நெட்வொர்க் கான்ஃபிக், ஹோஸ்ட்ஸ் ஃபைல், வெப் சர்வர் புரோகிராமான என்ஜின்எக்ஸ் இல்ல அப்பாச்சில லிசன்னு குடுத்த இடம், மெயில் சர்வர் புரோகிராமான போஸ்ட்ஃபிக்ஸ், டேட்டாபேஸோட பைண்ட் அட்ரஸ், தப்பா லாகின் பண்றவங்களைத் தடுக்குற ஃபெயில்2பேன்ல விலக்கு குடுத்த லிஸ்ட். அப்புறம் உங்க அப்ளிகேஷன் கோட், அதோட என்வி ஃபைல். மை-எஸ்கியூஎல்ல யூசருக்குப் பர்மிஷன் குடுக்கும்போது ஐபியோட சேத்து குடுத்திருப்பீங்க, அது ஃபைல்ல தேடினா கிடைக்காது, டேட்டாபேஸுக்குள்ள போய் யூசர் லிஸ்ட் எடுத்துப் பாக்கணும்.

ரிசால்வர் ஃபைலையும் (டொமைன் பேருக்கு ஐபி எதுன்னு எந்த டிஎன்எஸ் சர்வர்கிட்ட கேக்கணும்னு சொல்றது) திறந்து பாருங்க. பழைய டேட்டாசென்டரோட டிஎன்எஸ் சர்வர் அதுல இருக்கும், அது பல இடத்துல அவங்க நெட்வொர்க்குக்குள்ள இருக்குறவங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மாறினதுக்கு அப்புறம் பிங் போகுது, எஸ்எஸ்ஹெச் போகுது, ஆனா சைட் மட்டும் ஏதோ முப்பது செகண்ட் முழிச்சிட்டு எரர் அடிக்குதுன்னா முதல்ல இதைத்தான் பாக்கணும். அதே மாதிரி அப்டேட்டுக்குப் போட்ட லோக்கல் மிரர், நேரம் எடுக்குற என்டிபி சர்வர்.

அடுத்தது சர்வருக்கு வெளில. இது கிரெப்ல கிடைக்காது, உக்காந்து யோசிச்சு எழுதணும். பேமெண்ட் கேட்வேல உங்க ஐபியை அனுமதிச்சு வெச்சிருப்பாங்க, எஸ்எம்எஸ் கம்பெனில, பார்ட்னர் ஏபிஐல, உங்க கிளையண்டோட ஆஃபீஸ் ஃபயர்வால்ல. இவங்கள்ல சில பேர் புது ஐபி சேர்க்கவே ஒரு வாரம் எடுத்துப்பாங்க, அதனால புது ஐபி கைக்கு வந்த அன்னிக்கே எழுதிப் போட்டுடுங்க, பழசை எடுக்கச் சொல்லாதீங்க, புதுசையும் சேர்க்கச் சொல்லுங்க. சிபேனல் மாதிரி லைசென்ஸ் ஐபியோட கட்டி இருக்குறது உண்டு, அதையும் மாத்தணும். மானிட்டரிங், சிடிஎன்ல குடுத்த ஒரிஜின் அட்ரஸ், விபிஎன், இன்னொரு சர்வர்லேந்து பேக்கப் எடுக்குற ஸ்கிரிப்ட். ஞாபகம் வர்றபோதெல்லாம் ஷீட்ல சேத்துட்டே வாங்க, ஒரே தடவை உக்காந்து முடிக்க முடியாது.

மெயில் சர்வர் வெச்சிருக்குறவங்களுக்குத் தனியா மூணு விஷயம். புது ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் உங்க மெயில் ஹோஸ்ட் பேருக்குச் சரியா இருக்கணும், இல்லன்னா பெரிய மெயில் கம்பெனிங்க உங்க மெயிலை ஸ்பாம்ல தள்ளும், இல்ல வாங்கவே மாட்டாங்க. எஸ்பிஎஃப் ரெக்கார்ட்ல (உங்க டொமைன் பேர்ல எந்த ஐபி மெயில் அனுப்பலாம்னு சொல்றது) புது ஐபியை முன்னாடியே சேத்துடுங்க, பழசும் புதுசும் ரெண்டும் கொஞ்ச நாள் இருக்கட்டும். டிகிம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து) ஐபியைப் பொறுத்தது இல்ல, அதே கீ இருந்தா போதும். அப்புறம் புது ஐபி ஸ்பாம்ஹாஸ் மாதிரி பிளாக்லிஸ்ட்ல ஏற்கெனவே இருக்கான்னு ஐபி குடுத்த உடனே பாருங்க, இருந்தா அப்பவே வேற ஐபி கேளுங்க. சர்வர் டவுனா இருக்குற நேரத்துல வர்ற மெயில் தொலைஞ்சுடுமோன்னு புதுசா வர்றவங்க ரொம்ப கவலைப்படுவாங்க, கவலை வேண்டாம், அனுப்புற சர்வர் அதை க்யூல வெச்சுத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், ஸ்டாண்டர்டுபடியே குறைஞ்சது 4, 5 நாள் வரைக்கும்.

டிஎன்எஸ் டிடிஎல்லை எப்ப குறைக்கணும்

டிடிஎல்ங்கிறது உங்க டொமைனுக்கான பதிலை மத்தவங்க ரிசால்வர் எத்தனை செகண்ட் ஞாபகம் வெச்சுக்கலாம்னு நீங்க சொல்ற கணக்கு. 86400-ன்னு இருந்தா ஒரு நாள், 300-ன்னு இருந்தா அஞ்சு நிமிஷம். இங்க புரியாம போற இடம் ஒண்ணு இருக்கு, மாத்தலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி 86400-ஐ 300 ஆக்கினா பிரயோஜனமே இல்ல, ஏன்னா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பழைய பதிலை வாங்கினவங்க அதை ஒரு நாள் வரைக்கும் வெச்சிருப்பாங்க, நீங்க குறைச்சது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரத்துக்கு முன்னாடியே குறைக்கணும், நான் ரெண்டு மூணு நாள் முன்னாடியே குறைச்சிடச் சொல்லுவேன். குறைச்சது வெளில தெரியுதான்னு டிக் கமாண்ட் போட்டு 8.8.8.8, 1.1.1.1 (கூகுள், கிளவுட்ஃப்ளேர் நடத்துற பொது ரிசால்வர்) ரெண்டுகிட்டயும் கேட்டுப் பாருங்க.

ஏ ரெக்கார்டை (டொமைனுக்கு ஐபிவி4 அட்ரஸ் சொல்றது) மாத்துறவங்க நாலு ஏ போட்ட ஐபிவி6 ரெக்கார்டை மறந்துடுறாங்க. உங்க வீட்டு லைன்ல ஐபிவி6 இல்லன்னா உங்களுக்கு சைட் நல்லா வரும், மொபைல்ல பாக்குற சில பேருக்கு வராது, எனக்கு நல்லாத்தானே வருதுன்னு நீங்க சொல்லிட்டே இருப்பீங்க. சொந்தமா நேம்சர்வர் ஓட்டுறவங்க ரெஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் வாங்கின கம்பெனி) இருக்குற க்ளூ ரெக்கார்டையும் (உங்க நேம்சர்வரோட ஐபியைச் சொல்றது) மாத்தணும், டாட் காம் டொமைனுக்கு அந்த லெவல் டிடிஎல் 172800, அதாவது ரெண்டு நாள், அதை நம்மால குறைக்க முடியாது, அதனால பழைய நேம்சர்வர் ஐபி ரெண்டு நாளுக்கு மேல உயிரோட இருக்குற மாதிரி பாத்துக்கோங்க, இல்லன்னா தற்காலிகமா வெளில ஒரு டிஎன்எஸ் சர்வீஸுக்கு முன்னாடியே மாறிடுங்க.

மாத்தல் அன்னிக்கு

அதே மெஷின் போகுதுன்னா, அவங்க ஆஃப் பண்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி சைட்ல அறிவிப்பு போட்டு, டேட்டாபேஸை ஒழுங்கா நிறுத்தி, கடைசி பேக்கப் எடுத்து, நீங்களே ஷட்டவுன் குடுங்க. ஐபி மாறுதுன்னா புது நெட்வொர்க் கான்ஃபிக்கைத் தனி ஃபைல்ல தயாரா எழுதி வெச்சிருங்க. நெட்வொர்க் கார்டோட இன்டர்ஃபேஸ் பேரும் மாறலாம், கார்டை வேற ஸ்லாட்ல மாட்டினா இஎன்பி3எஸ்0-ன்னு இருந்தது வேற நம்பரா வரும், அப்ப கன்ஃபிக் அந்தப் பேரைத் தேடிட்டு நெட்வொர்க் இல்லாமலே பூட் ஆகி நிக்கும், கன்சோல்ல போய்த்தான் சரி பண்ணணும்.

பழசு புதுசு ரெண்டும் ஓடுற முறைன்னா வரிசை இப்படி. ஆர்சிங்க் (மாறின ஃபைலை மட்டும் காப்பி பண்ணக்கூடிய கமாண்ட்) வெச்சு முதல் காப்பியை ரெண்டு மூணு நாள் முன்னாடியே சர்வர் ஓடிட்டு இருக்கும்போதே எடுங்க, பர்மிஷன், ஹார்டு லிங்க், யூசர் நம்பர் எல்லாம் அப்படியே வர்ற மாதிரி ஆப்ஷன் குடுத்து. எவ்வளவு நேரம் ஆகும்னு முன்னாடியே கணக்குப் போடுங்க, 1 ஜிபிபிஎஸ் லைன் முழுசா கிடைச்சாலே 1 டிபி போக ரெண்டே கால் மணி நேரம் ஆகும், 100 எம்பிபிஎஸ்னா 22 மணி நேரம், சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்குல இருந்தா இன்னும் இழுக்கும். முதல் காப்பி முடிஞ்சதும் உங்க கம்ப்யூட்டர் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல டொமைனுக்குப் புது ஐபியை எழுதி சைட்டைத் திறந்து பாருங்க, உலகத்துக்குப் பழசு, உங்களுக்கு மட்டும் புதுசு தெரியும். லாகின், ஃபைல் அப்லோடு, மெயில் போறது எல்லாம் பாத்துட்டு அந்த வரியை எடுத்துடுங்க. லெட்ஸ் என்கிரிப்ட் சர்ட்டிஃபிகேட்டைப் புது சர்வர்ல புதுசா எடுக்கப் பாத்தா டொமைன் இன்னும் பழைய ஐபியைக் காட்டுறதால ஃபெயில் ஆகும், அதனால பழைய சர்வர்ல இருக்குற அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக்கோங்க, டிஎன்எஸ் மாறினதும் ரின்யூவல் தானா வேலை செய்யும்.

மாத்துற நேரம் வந்ததும், பழைய சர்வர்ல கிரானை (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலைகள்) நிறுத்துங்க, இதை முதல்ல செய்யுங்க, ரெண்டு இடத்துலயும் கிரான் ஓடினா கஸ்டமருக்கு ஒரே பில் ரெண்டு தடவை போகும். அடுத்து பழைய சைட்டை மெயின்டனன்ஸ் மோடுக்குக் கொண்டுபோய் எழுதுறதை நிறுத்துங்க, டேட்டாபேஸ் கடைசி டம்ப், ஆர்சிங்க் ரெண்டாவது தடவை (இப்ப மாறின ஃபைல் மட்டும்தான் போகும், சீக்கிரம் முடியும்), புது சர்வர்ல இம்போர்ட், ஒரு செக், அப்புறம் டிஎன்எஸ் மாத்தல். ரெண்டு டேட்டாபேஸ்லயும் ஆர்டர் விழுற நிலைமை மட்டும் ஒரு நிமிஷம்கூட வரக்கூடாது, அதைப் பின்னாடி ஒண்ணா சேக்குறது மாதிரி கொடுமையான வேலை கிடையாது. டிஎன்எஸ் மாத்தின கையோட பழைய சர்வர்ல என்ஜின்எக்ஸை ரிவர்ஸ் ப்ராக்சியா வெச்சு வர்ற டிராஃபிக்கைப் புது ஐபிக்கு அனுப்புங்க, டிடிஎல்லை மதிக்காத ரிசால்வர் சிலது எப்பவும் இருக்கும், அவங்களும் புது இடத்துக்கே வந்து சேருவாங்க.

வந்து சேந்ததுக்கு அப்புறம்

ஆன் ஆன உடனே முதல்ல கடிகாரத்தைப் பாருங்க. பழைய மெஷின்ல போர்டு பேட்டரி, அந்த சிஆர்2032 செல், செத்துப்போயிருந்தா கரண்ட் எடுத்ததும் நேரம் பல வருஷம் பின்னாடி போயிடும், அப்ப சர்ட்டிஃபிகேட் எல்லாம் செல்லாதுன்னு எரர் வரும், டேட்டாபேஸ்ல தப்பான தேதில என்ட்ரி விழும். பயோஸ் செட்டிங்கும் அதோட போயிருக்கலாம், பூட் ஆர்டர் பாத்துக்கோங்க. ரெய்டு முழுசா இருக்கா, ரேம் எல்லாம் தெரியுதா (குலுங்கினதுல ஒரு ஸ்டிக் லூஸாகி பாதி ரேம்தான் காட்டும்), நெட்வொர்க் லிங்க் 1000-ல வந்திருக்கா இல்ல கேபிள் சரியில்லாம 100-க்கு இறங்கியிருக்கா. ரெண்டு பவர் சப்ளை உள்ள சர்வர்னா ரெண்டும் தனித்தனி ஃபீட்ல போட்டீங்களான்னு டிக்கெட்ல கேட்டுடுங்க.

அப்புறம் வெளிலேந்து பாருங்க, மொபைல் டேட்டால, ஐபிவி6 லைன்ல. ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி ஹெடர்ல எஸ்பிஎஃப், டிகிம் பாஸ் ஆகுதான்னு பாருங்க. அந்த ராத்திரி பேக்கப் ஓடிச்சான்னு மறுநாள் காலைல கண்டிப்பா பாக்கணும், ஐபி மாறினதால பேக்கப் சத்தமில்லாம நின்னுபோறது ரொம்ப சாதாரணம். புது ஐபியை சில ஜியோஐபி டேட்டாபேஸ் வேற நாடா காட்டலாம், அது சரியாகுறதுக்குச் சில வாரம் எடுக்கும், கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சா அவங்க திருத்தக் கேப்பாங்க.

எல்லாம் ரெண்டு மூணு நாள் நிலையா ஓடுனா டிடிஎல்லைப் பழையபடி ஏத்திடுங்க. பழைய சர்வரோட ஆக்சஸ் லாகைப் பாருங்க, தானா சுத்துற போட் புரோகிராம்களைத் தவிர யாரும் வரலைன்னா கேன்சல் பண்ணலாம், ஆனா அதுக்கு முன்னாடி டிஸ்க்கை முழுசா அழிச்சிடுங்க, வெறும் டெலீட் இல்ல. கடைசியா உங்க டிஎன்எஸ் ஸோன் முழுக்க ஒரு தடவை பழைய ஐபியைத் தேடிப் பாருங்க, டெஸ்ட்டுக்குப் போட்ட சப்டொமைன், யாரும் பாக்காத எஃப்டிபி ரெக்கார்ட், எஸ்பிஎஃப்ல விட்டு வெச்ச பழைய வரி எல்லாத்தையும் எடுத்துடுங்க, ஏன்னா அந்த ஐபி அடுத்து வேற யாருக்கோ போகும், அந்த ரெக்கார்ட் அப்படியே இருந்தா உங்க டொமைன் பேர்ல சைட் போடவும் மெயில் அனுப்பவும் அவங்களால முடியும்.